நானும் கம்ப்யூட்டர்தான்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நாள் முழுக்க நம் வாயில் புழங்கும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கம்ப்யூட்டர். இந்தச் சொல்லுக்குள் ஒரு கதை இருக்கிறது என்று எனக்கு முதலில் காட்டியவர் என் அத்தை. அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

1992. எங்கள் ஊர்க் கடைத்தெருவில், ஒரு மாடியில், கம்ப்யூட்டர் வகுப்பு திறந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அந்த அறையில் மட்டும் ஏ.சி. ஓடும். முதல் நாள் வகுப்பு முடிந்து வீட்டுக்கு ஓடிவந்தேன். அத்தை திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "அத்தே, இன்னைக்கு நான் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பாத்தேன்" என்றேன். அவர் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்னைத் தெனமும்தான் தொடுறே. நானும் கம்ப்யூட்டர்தான்" என்றார்.

விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்துபோய் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துவந்தார். உள்ளே அவருடைய பணி நியமன ஆணை. 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலைக்காகப் போட்டது. பதவி என்ற இடத்தில் தட்டச்சில் 'கம்ப்யூட்டர்' என்று இருந்தது. கடைசி இரண்டு எழுத்து மட்டும் நாம் எழுதுவதுபோல 'இ ஆர்' என்று இல்லாமல் 'ஓ ஆர்' என்று முடிந்தது. நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகங்களில் அப்படியொரு பதவி இருந்தது. கணக்குப் போடுபவர் என்று பொருள்.

வீடுவீடாகப் போய் எடுத்த விவரங்கள் ஆளுக்கொரு சீட்டாக வரும். அந்தச் சீட்டுகளைப் புறாக்கூண்டு போன்ற மரத்தட்டுகளில் வகை பிரித்துப் போடுவார்கள். வயது ஒரு வகை, படிப்பு ஒரு வகை, தொழில் ஒரு வகை. ஒவ்வொரு கூண்டிலும் எத்தனை சீட்டு என்று எண்ணிப் பெரிய தாளில் ஏற்றுவார்கள். அதற்குமேல் அத்தையின் வேலை. ஊர்க் கூட்டல், வட்டக் கூட்டல், மாவட்டக் கூட்டல், நூற்றுக்கு எத்தனை என்ற விகிதம். மேசையில் ஃபேசிட் என்ற ஸ்வீடன் நாட்டு இயந்திரம் இருக்கும். மின்சாரம் வேண்டாம், பக்கத்தில் ஒரு கைப்பிடி. 347-ஐ 26-ஆல் பெருக்க வேண்டுமென்றால், விசைகளில் 347-ஐ வைத்துக்கொண்டு கைப்பிடியை முன்பக்கமாக ஆறு சுற்று. ஓரிடம் நகர்த்தி இன்னும் இரண்டு சுற்று. 9022 வந்து நிற்கும். வகுத்தல் என்றால் பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றிக் கழிக்கவேண்டும். அளவுக்கு மீறிக் கழித்துவிட்டால் உள்ளே ஒரு மணி அடிக்கும். மணி கேட்டதும் ஒரு சுற்று முன்னே வந்து, அடுத்த இடத்துக்கு நகரவேண்டும். ஒரு கூடத்தில் இருபது முப்பது பேர் இப்படிச் சுற்றுவதை நினைத்துப் பாருங்கள். "சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதும் காதுல மணி அடிச்சுக்கிட்டே இருக்கும்" என்பார் அத்தை.

அவர்கள் வாயில் ஓயாமல் வரும் சொல் 'டாலி'. ஒரே கணக்கை இரண்டு பேர், ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் போடுவார்கள். கடைசி வரி இரண்டிலும் ஒன்றாக இருந்தால் டாலி. இல்லையென்றால் இரண்டு பேரும் முதலிலிருந்து. டாலி ஆகாத நாளில் யாரும் சரியாகச் சாப்பிடமாட்டார்களாம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'கம்ப்யூட்டாரே' என்ற வினைச்சொல். அதன் முற்பகுதிக்கு 'சேர்த்து' என்று பொருள். பிற்பகுதியான 'புட்டாரே' என்பதற்கு முதற்பொருள், வேண்டாத கிளைகளை வெட்டிச் செடியைத் துப்புரவாக்குவது. கவாத்து செய்வது என்று நம் விவசாயிகள் சொல்வார்களே, அதேதான். அதிலிருந்து கணக்கைத் துப்புரவாக்குவது, தீர்ப்பது என்றாகி, கடைசியில் எண்ணுவது, கருதுவது என்று அந்தச் சொல் விரிந்தது. கவாத்துக்கும் கணக்குக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். தமிழ் பேசுகிறவருக்கு அந்தச் சந்தேகமே வரக்கூடாது. "மரம் ரொம்ப வளந்துடுச்சு, கிளையைக் கழிச்சு விடு" என்கிறோம். பள்ளிக்கூடத்தில் ஐந்திலிருந்து மூன்றைக் கழி என்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல். ரோமாபுரிக்காரனும் நம் ஊர்க் குடியானவனும் அரிவாளிலிருந்து கணக்குக்குப் போன பாதை ஒன்றுபோல இருப்பதைக் கண்டுகொண்ட நாளில், அதை யாரிடமாவது சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மருத்துவமனையில் காலை வெட்டி எடுப்பதை 'ஆம்புட்டேஷன்' என்கிறார்கள். அதிலும் இந்த 'புட்டாரே' இருக்கிறது. இன்னொரு கிளை பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து ஆங்கிலத்துக்குப் போய்க் 'கவுன்ட்' ஆயிற்று. ரயில் நிலையத்துக் கவுன்ட்டர், பேங்க் அக்கவுன்ட், ஆடி மாத டிஸ்கவுன்ட் மூன்றுமே கம்ப்யூட்டருக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள்.

ஆங்கிலத்தில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல் அச்சில் கிடைக்கும் மிகப் பழைய இடம் 1613-ஆம் ஆண்டு. ரிச்சர்ட் பிராத்வெயிட் என்ற ஆங்கில எழுத்தாளர், மனிதரின் வாழ்நாள் எத்தனை குறுகியது என்று சொல்லவந்த இடத்தில், 'காலங்களைக் கணிப்பவர்களில் மிக மெய்யானவர்' என்று ஒருவரைக் குறிப்பிடுகிறார். அந்தக் 'கணிப்பவர்' என்ற இடத்தில் நிற்கும் சொல்தான் கம்ப்யூட்டர். கை கால் உள்ள, மூச்சுவிடுகிற ஒருவர்.

முல்லைப்பாட்டு படித்தவர்களுக்கு இந்த வரி வேறொன்றை நினைவூட்டும். பாசறையில் நாழிகை வட்டிலைப் பார்த்து அரசனுக்குப் பொழுது சொல்பவர்களை அந்தப் பாட்டு எப்படி அழைக்கிறது? 'பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள்.' காலத்தைக் கணிப்பவர், மெய்யானவர். பிராத்வெயிட்டுக்கு, முல்லைப்பாட்டைப் பாடிய நப்பூதனாரைத் தெரிந்திருக்க வழியே இல்லை. ஆனாலும் கணக்குப் போடுகிறவரிடம் எங்கும் எதிர்பார்த்த முதல் குணம் பிசகாமை என்று தெரிகிறது. நம்மிடம் 'கணியன்' என்ற சொல்லும் இருந்தது. பூங்குன்றனாரின் பெயருக்கு முன்னால் நிற்கிறதே, அந்தக் கணியன்.

சொல் ஏன் ஆளிலிருந்து பொருளுக்குத் தாவியது என்பதை விளக்க ஆங்கிலத்துக்குப் போகவே வேண்டாம். விறகுவெட்டி யார்? ஓர் ஆள். பாக்குவெட்டி எது? ஒரு கருவி. வெட்டி என்ற பகுதி இரண்டிலும் ஒன்றுதான். வழிகாட்டி என்றால் கூடவே நடந்துவரும் மனிதராகவும் இருக்கலாம், சாலையோரத்துப் பலகையாகவும் இருக்கலாம். திசைகாட்டி என்றால் கருவி மட்டும்தான். ஆங்கிலத்தில் கடைசியில் வரும் 'அர்' ஓசையும் இப்படித்தான். டீச்சர் ஆள், ஹீட்டர் பொருள். டைப்ரைட்டர் என்ற சொல் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயந்திரத்தையும் குறித்தது, அதில் தட்டச்சு செய்த பெண்ணையும் குறித்தது. இயந்திரம் சொல்லை எடுத்துக்கொண்டது, அந்தப் பெண்ணுக்கு டைப்பிஸ்ட் என்ற வேறு சொல் கிடைத்தது. கம்ப்யூட்டர் என்ற சொல்லை இயந்திரம் எடுத்துக்கொண்டபோது, அதைச் சுமந்திருந்த ஆளுக்கு வேறு சொல் எதுவும் கிடைக்கவில்லை. என் மனத்தில் உறுத்துவது அதுதான்.

அந்த ஆட்கள் சிலரை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்யவேண்டும்.

18-ஆம் நூற்றாண்டில் நடுக்கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று அறிய, நிலவுக்கும் விண்மீன்களுக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பார்ப்பார்கள். அதற்கு ஒவ்வொரு நாளும், மூன்று மணிக்கு ஒருமுறை, அந்தக் கோணம் என்னவாக இருக்கும் என்று முன்கூட்டியே போட்ட அட்டவணை வேண்டும். கப்பல்காரர்களின் பஞ்சாங்கம் என்று சொல்லலாம். நெவில் மாஸ்கலின் என்ற பிரிட்டிஷ் அரச வானியலாளர் 1767-ஆம் ஆண்டுக்கு முதல் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். கணக்குகளைப் போட்டவர்கள் இங்கிலாந்தின் பல ஊர்களில் வீட்டிலிருந்தே வேலைபார்த்த கம்ப்யூட்டர்கள். அத்தையின் அலுவலகத்தைப் போலவே அங்கும் ஒரே கணக்கு இருவரிடம் போகும், மூன்றாவது ஆள் ஒப்பிடுவார். 1770 வாக்கில் இரண்டு பேர் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு ஒருவர் விடையை ஒருவர் பார்த்து எழுதியது தெரிந்து, இருவரையும் வேலையிலிருந்து நீக்கினார் மாஸ்கலின். அட்டவணையில் ஓர் எண் தப்பினால் எங்கோ ஒரு கப்பல் பாறையில் மோதும். அதனால்தான் அந்தக் கண்டிப்பு.

லட்லோ என்ற சிற்றூரில் ஜான் எட்வர்ட்ஸ் என்ற பாதிரியாருக்கும் இந்த வேலை போய்க்கொண்டிருந்தது. பணமும் அவர் பெயரில்தான் வந்தது. 1784-இல் அவர் இறந்தார். பிறகுதான், கணக்கில் பெரும்பகுதியைப் போட்டுவந்தவர் அவர் மனைவி மேரி எட்வர்ட்ஸ் என்பது வெளிப்படையாயிற்று. பெண்குழந்தைகளை வைத்துக்கொண்டு தனித்து நின்ற மேரி, அந்த வேலையைத் தன் பெயரிலேயே கேட்டு வாங்கினார். அவருக்குப்பின் மகள் எலைசா செய்தார். 1832-இல் வேலை முழுவதையும் லண்டன் அலுவலகம் ஒன்றுக்குள் கொண்டுவந்தார்கள். அரசு அலுவலகத்தில் பெண்களுக்கு இடமில்லை என்பதால் எலைசாவின் கணக்குத்தாள் அதோடு மூடிற்று.

நம் பக்கம் வருகிறேன். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்க விரும்புகிறேன்.

1825, புதுச்சேரி. சென்னை வானாய்வுக்கூடத்தைச் சில ஆண்டுகள் கவனித்துக்கொண்ட ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, நம் நாட்டுக் காலக்கணக்குகளைப் பற்றி ஒரு பெரிய நூலைத் தயாரித்துக்கொண்டிருந்தார். பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரைத் தேடிப்பிடித்து, வரப்போகும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டச் சொன்னார். அந்த மனிதர் தாளும் எழுதுகோலும் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்தார். சோழிகளைப் பரப்பினார். ஒவ்வோர் இடத்திலும் இத்தனை சோழி என்று வைத்தார், எடுத்தார், மாற்றி வைத்தார். தேவையான அட்டவணைகள் எல்லாம் அவர் மனப்பாடத்தில் இருந்தன. எழுத்துக்கு ஓர் எண் என்று வைத்துக் கட்டிய வாக்கியங்களாக அவற்றைச் சொல்லிக்கொண்டே சோழிகளை நகர்த்தினார். இன்றும் நம் வீடுகளில் வாக்கியப் பஞ்சாங்கம் என்கிறோமே, அந்த வாக்கியம் இதுதான்.

கிரகணம் மே 31 இரவு தொடங்கி ஜூன் 1-க்குள் போவது. சோழிக்கணக்கு சொன்ன தொடக்க நேரத்துக்கும் உண்மைக்கும் 4 நிமிட வித்தியாசம். நடுப்பகுதியில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். கடிகாரமில்லாமல், தொலைநோக்கி இல்லாமல், தரையில் கிடந்த சோழிகளை வைத்து, வானத்தில் நடக்கப்போவதைத் தொடக்கத்தில் 4 நிமிடப் பிசகுக்குள் ஒருவர் சொன்னார். கிரகணம் ஏன் வருகிறது என்ற தத்துவத்தில் அவருக்குப் பழக்கமில்லை என்று வாரன் எழுதினார். அதில் குறை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. விதிகளைப் பிசகாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துமுடிப்பது ஒரு தனிக் கலை. 20-ஆம் நூற்றாண்டில் பண்டைக் கணித வரலாற்றை ஆராய்ந்த ஓட்டோ நியூகபாவர் இந்தப் பதிவைத் தேடியெடுத்து வியந்து எழுதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட முறை ஒன்று தமிழ் நாவில் உயிரோடு இருந்ததற்கு அவருக்கு அது சான்று. தரையில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரை அன்றைய ஆங்கிலத்தில் கம்ப்யூட்டர் என்று அழைத்தால் அது உருவகம் ஆகாது, அந்தச் சொல்லின் நேர்ப்பொருளே அதுதான்.

அதே காலத்தில் இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டிருந்தார்கள். அந்த வேலை தொடங்கியதும் சென்னையில்தான். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி போட்டு, முக்கோணங்களுக்கு அடிப்படையான முதல் கோட்டை அளந்தார். அங்கே தொடங்கிய முக்கோணச் சங்கிலி வடக்கே இமயம் வரை போயிற்று. அளப்பவர்களுக்குப் பின்னால் ஒரு கூட்டம் உட்கார்ந்து கணக்குப் போடவேண்டும். 1831-இல் கல்கத்தா இந்துக் கல்லூரி மாணவர் ராதாநாத் சிக்தர், இருபது வயதுகூட ஆகாதவர், அந்த நில அளவைத் துறையில் கம்ப்யூட்டராகச் சேர்ந்தார். பிற்காலத்தில் அவருக்குத் தலைமைக் கம்ப்யூட்டர் என்றே பதவிப்பெயர். தொலைதூர நிலையங்களிலிருந்து அளந்த கோணங்களைச் சேர்த்து, காற்றில் ஒளி வளைவதற்கு ஈடுகட்டி, பதினைந்தாம் சிகரம் என்று மட்டும் பெயரிட்டிருந்த மலையின் உயரத்தைக் காணும் கணக்குக்கு 1850-களின் தொடக்கத்தில் தலைமை தாங்கினார். 1856-இல் அறிவித்த உயரம் 29,002 அடி. மலைக்கு, நில அளவைத் துறையின் தலைமைப் பதவியிலிருந்து ஓய்வுபெற்று இங்கிலாந்துக்குப் போய்விட்ட ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரை வைத்தார்கள். கம்ப்யூட்டரின் பெயர் பள்ளிப் பாடப்புத்தகத்துக்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று.

அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வுக்கூடத்தில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த வேலைக்குப் பெண்களை வைத்தார்கள். கண்ணாடித் தகடுகளில் பதிந்த விண்மீன்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்து அளப்பது. மணிக்கு 25 சென்ட் போலக் கூலி. அவர்களில் ஒருவரான ஹென்ரியட்டா லெவிட் 1912-இல் வெளியிட்ட ஒரு தொடர்பை வைத்துத்தான் பிறகு அண்டங்களின் தொலைவையே அளக்க முடிந்தது. இதைப் பற்றி மட்டும் தனியாக ஓர் உரை நிகழ்த்தலாம். இன்று நேரமில்லை.

1936-இல் ஆலன் டூரிங் என்ற இளைஞர், இன்றைய கணினி அறிவியலுக்கு அடித்தளமான கட்டுரையை எழுதினார். அதில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல் வருகிறது. இயந்திரத்தைப் பற்றிய கட்டுரையாயிற்றே, இயந்திரத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்துப் படித்தால் திடுக்கிடுவோம். கம்ப்யூட்டர் அடுத்து என்ன செய்யும் என்பது, 'அவன்' எந்தக் குறிகளைப் பார்க்கிறான், 'அவன்' மனநிலை என்ன என்பதைப் பொறுத்தது என்று எழுதுகிறார். கையில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளை மனத்தில் வைத்து, அந்த ஆள் செய்வதைப் படிப்படியாகப் பிரித்து, அதையே ஒரு பொறியும் செய்யலாம் என்று காட்டினார். இன்றைய இயந்திரத்துக்கு மாதிரியாக இருந்தது, என் அத்தையைப் போல மேசையருகே குனிந்து கணக்குப் போட்ட ஒருவர்.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. பீரங்கிக் குண்டு எந்தக் கோணத்தில் போனால் எங்கே விழும் என்ற அட்டவணைகளுக்காக அமெரிக்க ராணுவம் கணிதம் படித்த பெண்களைத் திரட்டியது. பதவிப்பெயர் கம்ப்யூட்டர். மேசை இயந்திரத்தில் ஒரே ஒரு குண்டின் பாதையைப் போட்டுமுடிக்க ஒருவருக்கு ஒரு வேலைநாளுக்கு மேல் பிடிக்கும். இந்த வேலையை விரைவாக்கவே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 'எனியாக்' என்ற மின்னணுப் பொறியைக் கட்டினார்கள். ஏறத்தாழ 30 டன் எடை, சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள். அதை இயக்கும் முறையை உருவாக்க அந்தப் பெண் கம்ப்யூட்டர்களிலிருந்தே ஆறு பேரை எடுத்தார்கள். கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மேன். பொறியின் பெயரின் கடைசிச் சொல்லும் கம்ப்யூட்டர்தான். ஒரே அறையில், ஒரே சொல், ஆளுக்கும் பொறிக்கும். 1946 பிப்ரவரியில் அதை உலகுக்குக் காட்டியபோது, குண்டு தரையில் விழும் முன்பே அதன் பாதையைக் கணித்து முடித்தது. அன்றிரவு நடந்த விருந்துக்கு அந்த ஆறு பேருக்கும் அழைப்பு இல்லை.

வர்ஜீனியா மாநிலம் லாங்லியில் விமான ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. பின்னாளில் நாசாவின் பகுதியாக ஆனது. 1943 முதல் அங்கே கறுப்பினப் பெண்களையும் கம்ப்யூட்டர்களாக எடுத்தார்கள். வேலையிடம் தனி, சாப்பாட்டு மேசையும் தனி. உணவுக்கூடத்தின் கடைசியில் ஒரு மேசைமேல் ஓர் அட்டை நின்றது. 'நிறத்தவர் கம்ப்யூட்டர்கள்' என்று எழுதியிருந்தது. மிரியம் மான் என்ற கணிதப் பட்டதாரி ஒருநாள் அந்த அட்டையை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சில நாளில் புது அட்டை வந்தது. அதையும் எடுத்தார். மறுபடி வந்தது, மறுபடி எடுத்தார். கடைசியில் அட்டை வைப்பதை நிறுத்திவிட்டார்கள். கம்ப்யூட்டர் என்ற சொல் மனிதரைக் குறித்தது என்பதற்கு அந்த அட்டையைவிட வலிக்கும் சான்று எனக்குத் தெரியாது. ஓர் இயந்திரத்துக்கு யாரும் தனி மேசை போடுவதில்லை.

அதே கூட்டத்தில் 1953-இல் சேர்ந்தவர் கேத்ரின் ஜான்சன். 1962 பிப்ரவரியில் விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றிவரப் புறப்படுமுன், அவருடைய பாதையை ஐ.பி.எம். கம்ப்யூட்டர் கணித்திருந்தது. கிளென் அந்த எண்களை அப்படியே ஏற்கவில்லை. அந்தப் பெண்ணிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள், அவர் சரியென்றால் நான் தயார் என்றார். கேத்ரின் மேசைக் கணக்கு இயந்திரத்தில் மொத்தத்தையும் மறுபடி போட்டார். எண்கள் ஒத்துப்போயின. அத்தை பாஷையில் சொன்னால், டாலி. சொல்லின் பழைய பொருள் புதிய பொருளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது என்றே நான் அதைப் பார்க்கிறேன்.

அதன்பின் சொல் வேகமாகக் கைமாறிவிட்டது. இயந்திரம் புதிதாக வந்தபோது அதற்குத்தான் அடைமொழி வேண்டியிருந்தது. மின்னணுக் கம்ப்யூட்டர், தானியங்கிக் கம்ப்யூட்டர் என்றார்கள். வெறும் கம்ப்யூட்டர் என்றால் ஆள். பதினைந்து இருபது ஆண்டுக்குள் தலைகீழாயிற்று. நமக்கு இது புதிதில்லை. ஒருகாலத்தில் கோழி என்றால் முற்றத்தில் மேய்ந்த கோழிதான். பண்ணைக்கோழி வந்தது. அது கோழி என்ற பெயரையே எடுத்துக்கொண்டது, முற்றத்துக் கோழிக்கு நாட்டுக்கோழி என்று அடைமொழி சேர்ந்தது. 1980-இல் சகுந்தலா தேவி லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 13 இலக்க எண்கள் இரண்டை 28 நொடியில் பெருக்கிச் சொன்னார். அவரை உலகம் 'மனிதக் கம்ப்யூட்டர்' என்று கொண்டாடிற்று. நூறாண்டுக்கு முன்னால் அப்படிச் சொல்லியிருந்தால், மனிதரல்லாத கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள்.

தமிழில் கணிப்பொறி என்றோம், கணினி என்றோம். இலங்கைத் தமிழர் கணனி என்கிறார்கள். கணிப்பொறி என்ற சொல்லில் எனக்குத் தனிப்பட்ட பிரியம் உண்டு. பொறி என்று சொல்லிவிடுவதால் ஆளின் இடம் அப்படியே காலியாக, பத்திரமாக இருக்கிறது. கணியன் என்ற சொல்லை அது தொடவில்லை. கணக்கர், கணியர் என்று இன்றும் நாம் ஆளைச் சொல்லலாம். ஆங்கிலத்துக்கு அந்த வசதி போய்விட்டது.

போன கார்த்திகை மாதம் அத்தையை ஓய்வூதிய வேலையாக ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். இப்போது அவருக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. விண்ணப்பத்தைப் பதிந்துகொண்டிருந்த இளைஞர், பொறுமையாகக் கேட்டுக் கேட்டுத் தட்டினார். ஓய்வுபெறும் முன் வகித்த பதவிகள் என்ற இடம் வந்தது. அத்தை முதல் பதவியைச் சொன்னார். அச்செடுத்து வந்த தாளில் 'கம்ப்யூட்டர் ஆபரேட்டர்' என்று இருந்தது.

அத்தை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை படித்தார். கூட்டலைச் சரிபார்க்கும்போது அப்படித்தான் செய்வார், அந்தப் பழக்கம். விரலை அந்த வரியில் வைத்து, "தம்பி, இந்த ரெண்டாவது வார்த்தையை எடுத்துடுங்க" என்றார்.

"எடுத்தா வெறும் கம்ப்யூட்டர்னு நிக்குமேம்மா."

"அதேதான் பதவி."

இளைஞர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அத்தை பழுப்பு உறையிலிருந்து அந்த 1971 ஆணையை எடுத்து மேசைமேல் விரித்தார். மடிப்பில் கிழிந்திருந்த இடத்தில் எப்போதோ ஒட்டுத்தாள் போட்டு ஒட்டியிருந்தார். இளைஞர் குனிந்து படித்தார். கடைசியில் 'ஓ ஆர்' என்று இருந்ததை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து, திரையிலும் அதே எழுத்துகளைத் தட்டினார். "இப்படித்தானேம்மா?" என்று திரையை அத்தை பக்கம் திருப்பிக் காட்டினார். அத்தை ஆணையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"டாலி" என்றார்.

வணக்கம்.